தாய்க்குத் தூக்க ஊசி... குட்டிக்குச் சீம்பால்?

முதல் குட்டி வெளியே வந்து விழுந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஈரம் காயாத உடம்போடு, கொடியை இழுத்துக்கொண்டே, தாயின் பின்னங்காலைச் சுற்றி மடியைத் தேடி வருகிறது. கண் திறந்துதான் இருக்கிறது. கால்தான் இன்னும் சரியாக ஊன்றவில்லை. காம்பைத் தேடிய குட்டி வழி தவறித் தாயின் முகத்துப் பக்கம் போய்விடுகிறது. அதுவரை படுத்திருந்த தலையீற்றுப் பன்றி சடாரென்று எழுகிறது. நாய் குரைப்பது போல ஒரு சத்தம். அடுத்த நொடி குட்டி அதன் வாயில்.

வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் வெளியாட்களிடம் அதிகம் பேச விரும்பாத காட்சி இது. பெற்ற தாயே குட்டியைக் கடிக்கிறது. சில நேரம் கொன்றும்விடுகிறது. பசியால் செய்வதில்லை, தின்பதற்காகவும் பெரும்பாலும் செய்வதில்லை. பின்பக்கத்திலிருந்து வலியோடு ஏதோ வருகிறது, அது அசைகிறது, கத்துகிறது, தன்னை நோக்கியே ஓடி வருகிறது. இதற்குமுன் குட்டியையே பார்த்திராத ஓர் இளம் பன்றிக்கு அது பயங்கரம். இரண்டாம் ஈற்று, மூன்றாம் ஈற்று கண்ட பன்றிகளிடம் இது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தலையீற்றில்தான் அதிகம்.

அந்த இரவில் கொட்டகையில் இருப்பவர் கைக்கு வருவது மயக்க ஊசி. தாயைத் தூங்க வைத்துவிட்டால் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பல முறை பிழைக்கவும் செய்கின்றன. ஆனால் ஊசி போட்டு, தாய் அமைதியாகப் படுத்து, கொட்டகையில் விளக்கணைத்து எல்லோரும் போன பிறகு, மறுநாள் காலையில் மூலையில் இரண்டு குட்டிகள் விறைத்துக் கிடப்பதும் நடக்கிறது. கடித்த தழும்பு இருக்காது. தாய் அவற்றைத் தொடவே இல்லை. அப்படியானால் அவை ஏன் செத்தன?

மனநோய் மருந்தின் தம்பி

பன்றிகளை அமைதிப்படுத்த உலகம் முழுக்கப் பேர் பெற்ற மருந்து அசப்பரோன். பெல்ஜியத்தின் பியர்ஸ் என்ற ஊரில் டாக்டர் பால் ஜான்சன் நடத்திய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதே ஆய்வுக்கூடம் 1958-இல் கண்டுபிடித்த ஹாலோபெரிடால், மனச்சிதைவு நோயாளிகளின் வாழ்க்கையை மாற்றிய மருந்துகளில் ஒன்று. அசப்பரோன் அதே குடும்பம். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடங்களை இது அடைத்துவிடுகிறது. பயமும் மூர்க்கமும் அடங்கி, சுற்றி நடப்பதைப் பற்றிய கவலை இல்லாமல் பன்றி படுத்துவிடுகிறது.

ஐரோப்பாவில் ஸ்ட்ரெஸ்னில் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்த மருந்தின் பயன்பாட்டுக் குறிப்பிலேயே, குட்டிகளை ஏற்க மறுக்கும் தாய்ப்பன்றிக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 200 கிலோ தாய்க்கு 400 மில்லிகிராம்; ஒரு மில்லியில் 40 மில்லிகிராம் என்ற கணக்கில் 10 மில்லி. காதுக்குப் பின்னால், நீளமான ஊசியால், சதைக்குள் ஆழமாகப் போட வேண்டும். பன்றியின் கழுத்தில் கொழுப்பு தடிமனாக இருப்பதால் சிறிய ஊசியால் குத்தினால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும். "ஊசி போட்டும் கேட்கல" என்ற புகார் பல இடங்களில் இதனால்தான் வருகிறது. உடனே இன்னொரு ஊசி போட்டுவிடுகிறார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன.

நம் ஊரில் கால்நடை மருத்துவரின் பெட்டியில் மாட்டுக்கான சைலசின் எப்போதும் இருக்கும். மாட்டுக்குச் சொட்டு அளவு போதும். பன்றிக்கோ அதே மருந்து சரியாகப் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது தாய்க்கும் நல்லதில்லை, குட்டிக்கும் நல்லதில்லை. பன்றிக்கு எது, எவ்வளவு என்பதை அந்தப் பன்றியை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கடைக்காரர் சொல்லி, பண்ணையாள் போடுகிற ஊசியாக இது இருக்கக் கூடாது.

வெறுங்கையோடு பிறக்கும் உயிர்

செத்துக் கிடந்த இரண்டு குட்டிகளுக்கு வருவோம். அவற்றின் மரணத்தைப் புரிந்துகொள்ள, பன்றிக்குட்டி எவ்வளவு வெறுங்கையோடு பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களை நச்சுக்கொடி வழியாக வாங்கிவைத்துக்கொள்கிறது. பன்றிக்கு அந்த வழி இல்லை. பன்றியின் நச்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் குட்டியின் ரத்தத்துக்கும் நடுவே ஆறு அடுக்குத் திசுக்கள் இருக்கின்றன. எதிர்ப்புப் புரதம் அந்தச் சுவரைத் தாண்டாது. ஆகவே பிறந்த குட்டியின் ரத்தத்தில் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இருப்பதில்லை. எல்லாமே சீம்பாலில்தான் வர வேண்டும்.

அந்தச் சீம்பாலும் காத்திருக்காது. முதல் குட்டி பிறக்கும்போது சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து அது இறங்கத் தொடங்கி, 12 மணி நேரத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இன்னொரு பக்கம் குட்டியின் குடல், அந்தப் பெரிய புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடும் கதவை 24 முதல் 36 மணி நேரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு எவ்வளவு பால் குடித்தாலும் வயிறு நிறையும். ரத்தத்தில் பாதுகாப்பு ஏறாது. இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று தாயின் மடியில், மற்றொன்று குட்டியின் குடலில்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? முதல் நாளில் ஒரு குட்டிக்கு 200 கிராமாவது உள்ளே போக வேண்டும், 250 கிராம் போனால் நல்லது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் குட்டிகளை எடை போட்டுப் போட்டுக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். ஒரு டம்ளருக்குச் சற்று கூடுதல். பிறக்கும்போதே ஒன்றேகால் கிலோதான் இருக்கும் உயிருக்கு அது பெரிய வேலை. ஒரே மூச்சில் குடிக்க முடியாது. மறுபடி மறுபடி காம்புக்கு வர வேண்டும்.

சீம்பால் மருந்து மட்டுமில்லை, விறகும்கூட. மனிதக் குழந்தைக்கும் கன்றுக்குட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பிறக்கும்போதே உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. நடுங்காமலே உடம்பைச் சூடாக்கும் கொழுப்பு அது. அந்தச் சூட்டை உண்டாக்கும் மரபணுவைப் பன்றி இனம் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொலைத்துவிட்டது. சாதாரணக் கொழுப்பும் பிறந்த குட்டியின் உடம்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். நமக்கு வியர்த்து வழியும் 34 டிகிரி வெப்பம்தான் ஈரக் குட்டிக்குச் சுகமான வெப்பம். அதற்குக் கீழே இறங்கினால் அதற்குக் குளிர். நம் ஊர் மார்கழி இரவில் ஈரமான சிமென்ட் தரையில் கிடக்கும் குட்டியின் உடம்புச் சூடு அரை மணி நேரத்துக்குள் இரண்டு டிகிரி இறங்கிவிடும். சூடு இறங்கினால் சுறுசுறுப்பு போய்விடும். சுறுசுறுப்பு போனால் காம்பைப் பிடிக்க முடியாது. பால் இல்லையென்றால் சூடு மேலும் இறங்கும். அப்படித்தான் தாய் தொடாத குட்டி மூலையில் விறைத்துப்போகிறது.

ஊசி போட வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இந்த இடத்திலிருந்துதான் விடை தேட வேண்டும். தாய் அமைதியாகிவிட்டதா என்பது பாதிக் கேள்வி. குட்டி ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் குடித்ததா என்பது மீதிப் பாதி. ஊசியின் வெற்றியை இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

தூங்கும் தாயின் மடியில்

சரியான நேரத்தில், சரியான அளவில் போட்ட ஊசி குட்டிகளுக்கு உதவுகிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுந்து எழுந்து படுக்கும் தாயின் மடி குட்டிகளுக்கு எட்டாது. அமைதியான தாய் பக்கவாட்டில் சாய்ந்து இரண்டு வரிசைக் காம்பையும் காட்டிக்கொண்டு கிடக்கும். பயந்த விலங்கின் உடம்பில் அட்ரினலின் பொங்கும்போது, பாலை இறக்கும் ஆக்சிடோசின் சரியாக வேலை செய்யாது. பயம் அடங்கினால் பால் இறங்கும். டோபமினை அடைக்கும் மருந்துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு டோபமின்தான் கடிவாளம். கடிவாளம் தளர்ந்தால் அந்த ஹார்மோன் கூடும். முதல் சில மணி நேரக் குழப்பத்தைத் தாண்டிவிட்டால், கண்விழிக்கும் தாய் பல நேரங்களில் குட்டிகளைத் தன்னுடையவை என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அதற்குள் அவற்றின் மேல் மடியின் வாசனை ஏறியிருக்கும், அவை வயிறு நிறைந்து கத்தாமல் தூங்கிக்கொண்டிருக்கும். தாயைப் பயமுறுத்திய அந்த ஓட்டமும் கத்தலும் இல்லை.

ஆனால் ஊசி போட்ட நேரம் தவறினால் கதை மாறுகிறது. குட்டிகள் எல்லாம் வெளியே வருவதற்கு முன் மருந்து கொடுத்தால், கொழுப்பில் கரையும் இந்த மருந்துகள் நச்சுக்கொடியைத் தாண்டி உள்ளே இருக்கும் குட்டிகளுக்கும் போகும். எதிர்ப்புப் புரதத்தைத் தடுக்கிற சுவர் மருந்தைத் தடுப்பதில்லை. அப்படிப் பிறக்கும் குட்டி தூக்கக் கலக்கத்தோடு வருகிறது. முதல் அரை மணிக்குள் காம்பைப் பிடிக்க வேண்டிய உயிருக்கு அந்தத் தூக்கம் ஆகாது. கடைசியாகப் பிறக்கும் குட்டிகள் ஏற்கெனவே கொடி நசுங்கி, மூச்சு முட்டி வருபவை. அவற்றின் மேல் இந்தச் சுமையும் சேரும்.

அடுத்தது நசுக்கல். முலைகுடி மறக்கும் முன் சாகும் பன்றிக்குட்டிகளில் பெரும்பங்கு தாயின் அடியில் சிக்கிச் சாகின்றன. அதிலும் முதல் மூன்று நாட்களில்தான் அதிகம். நல்ல தாய், அடியில் குட்டி கத்தினால் உடனே எழுந்து நகரும். தூக்க ஊசி போட்ட தாயின் காதில் அந்தக் கத்தல் விழாது. மருந்து தெளியத் தொடங்கும்போது ஆபத்து இன்னும் பெரிது. கால் பின்னிக்கொள்ள, எழுந்து நின்று, தடுமாறி, இருநூறு கிலோவும் ஒரேயடியாகப் பொத்தென்று விழும். சாதாரணமாகப் பன்றி முதலில் முன்னங்காலை மடக்கி, குட்டிகளை மூக்கால் தள்ளிவிட்டு, மெல்லச் சரிந்து படுக்கும். அந்தப் பக்குவம் மருந்து தெளியாத தாயிடம் இருக்காது.

மூன்றாவது, உடம்புச் சூடு. இந்த மருந்துகள் தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. உடம்பு தன் சூட்டைத் தானே சமாளிக்கும் திறனும் மங்குகிறது. குளிர் நாட்டில் தாயின் சூடு இறங்கும். சித்திரை வெயிலில் கல்நார் ஓட்டுக் கூரைக்கு அடியில் அதே தாய் வெப்பத்தில் மாட்டிக்கொள்ளும். வியர்த்துக் குளிரும் வழி பன்றிக்கு இல்லை. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சேற்றுக்கோ நிழலுக்கோ தானே நகர முடியாத, மயங்கிய பன்றிக்கு அந்த வெயில் எமன். தாய் போய்விட்டால் பத்துக் குட்டிக்கும் பால் போயிற்று.

நான்காவது விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தூங்கும் தாய் தண்ணீர் குடிப்பதில்லை. பால் கொடுக்கும் பன்றிக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரு வேளைக்கு மேல் மயக்கம் நீண்டால் தண்ணீரும் தீவனமும் தவறி, மலம் இறுகி, மறுநாள் மடி வற்றும். முதல் நாள் காப்பாற்றிய குட்டிகள் மூன்றாம் நாள் பசியால் வாடுவது இப்படித்தான்.

கடிக்கும் தாயை அடக்க மேல்நாட்டுப் பண்ணைகளில் ஒரு பாட்டி வைத்தியமும் உண்டு. முரட்டுத் தாய்க்குப் பீர் ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டுப் படுத்துவிடும். ஆனால் சாராயச் சத்து, பாலை இறக்கும் ஆக்சிடோசினை அடக்கும் என்பது மனிதத் தாய்மாரிடமே அளந்து பார்க்கப்பட்ட உண்மை. தாயை அடக்கிப் பாலையும் அடக்கினால் குட்டிக்கு என்ன லாபம்?

வலியா, கோபமா?

பன்றி ஏன் முரண்டு பிடிக்கிறது என்று பார்க்காமலே ஊசி போடுவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. குட்டி காம்பில் வாய் வைத்ததும் தாய் துள்ளி எழுகிறதா? மடியைத் தரையில் அழுத்திக் குப்புறப் படுத்துக்கொள்கிறதா? மடியைத் தொட்டுப் பாருங்கள். கல் போல இறுகி, சுட்டால் அது மடிநோய். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 39 டிகிரியைத் தாண்டிச் சற்றே ஏறியிருந்தால் குட்டி போட்ட தாய்க்கு அது இயல்பு. 40 டிகிரியை நெருங்கித் தாண்டினால் உள்ளே நோய் இருக்கிறது. கருப்பைப் புண், மடிவீக்கம், பால் வற்றுதல் மூன்றும் ஒன்றாக வரும் நோய் குட்டி போட்ட மூன்று நாளுக்குள் தாக்கும். அந்தத் தாய்க்குத் தேவை காய்ச்சலையும் வலியையும் குறைக்கும் மருந்தும், மருத்துவர் சொல்லும் நுண்ணுயிர்க்கொல்லியும். தூக்க மருந்து அதன் வலியைக் குறைக்காது. வலியைச் சொல்லும் வாயைத்தான் அடைக்கும்.

மயக்கமும் வலிநீக்கமும் ஒன்று என்ற எண்ணம் நம் கொட்டகைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. இரண்டும் வேறு. ஸ்பெயினில் குட்டி போடத் தொடங்கும் நேரத்திலேயே தாய்க்கு மெலாக்சிகாம் என்ற வலிமருந்தை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குட்டிகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் கூடுதலாக இருந்தது, எடையும் நன்றாக ஏறியது. வேறு சில ஆய்வுகளில் அவ்வளவு பலன் தெரியவில்லை. என்றாலும் செய்தி தெளிவாக இருக்கிறது. தாயின் வலி குறைந்தால் மடி குட்டிக்குக் கிடைக்கிறது, தாயைத் தூங்க வைக்காமலே.

அது கேட்பது ஒரு கூடு

பன்றி ஏன் கடிக்கிறது என்ற கேள்வியைப் பலர் பல பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மகப்பேற்றுக்குப் பின் சில தாய்மாருக்கு வரும் மனநோயோடு இதை ஒப்பிட்டு, கடிக்கும் பன்றிகளின் மரபணுக்களைத் தேடினார்கள். குடும்பம் குடும்பமாக இது வருவது உண்மைதான். கடித்த தாயின் பெண்குட்டிகளை இனவிருத்திக்கு வைக்கக் கூடாது என்று பழைய பண்ணைக்காரர்கள் சொன்னது சரி.

ஆனால் மரபணு பாதிக்கதைதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், குட்டி போடும் நேரத்தில் இளம் பன்றிகளைக் கண்காணித்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். பின்னால் குட்டியைக் கடிக்கப்போகும் பன்றி, குட்டி வெளியேறும் கட்டத்திலேயே மற்றவற்றைவிட அதிகமாக எழுந்து உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அமைதியாகப் படுத்திருந்த பன்றிகள் கடிக்கவில்லை. கொட்டகையில் இருப்பவருக்கு இது பெரிய துப்பு. கடித்த பிறகு ஓடுவதைவிட, முதல் குட்டிக்கே எழுந்து திரும்பும் பன்றியை அப்போதே கண்டுகொள்ளலாம்.

அதே எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-குஷ் என்ற இரு ஆய்வாளர்கள், பண்ணைப் பன்றிகளைக் காடும் புல்வெளியும் கலந்த இடத்தில் விட்டுப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொட்டகையில் வளர்ந்த பன்றிகள். விட்டதும் என்ன செய்தன? குட்டி போடும் நாள் வந்ததும் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப்போய், குழி பறித்து, புல்லும் சுள்ளியும் வாயில் கவ்வி வந்து கூடு கட்டின. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குட்டி போடுவதற்கு முந்தைய ஒரு நாளில் பன்றியின் உடம்பில் எழும் ஹார்மோன்களே அதைச் செய்யச் சொல்கின்றன.

திரும்பக்கூட இடமில்லாத இரும்புக் கூண்டில், வெறும் தரையில் நிற்கும் பன்றிக்கும் அதே ஹார்மோன்தான் எழுகிறது. கூடு கட்ட எதுவும் இல்லை. அதனால் கம்பியைக் கடிக்கிறது, தரையைக் கீறுகிறது, ஓயாமல் எழுந்து படுக்கிறது. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில், கூடு கட்ட இடமும் பொருளும் கொடுத்த பன்றிகளில் ஆக்சிடோசின் கூடுதலாக இருந்ததையும் குட்டிகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உயர்ந்ததையும் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் குட்டி போடுவதற்கு முந்தைய வாரம் கூடு கட்டும் பொருள் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. பண்ணையின் சாணக் குழம்பு வடிகாலுக்கு ஒத்துவராவிட்டால் விட்டுவிடலாம் என்று வாசலையும் திறந்துவைத்திருக்கிறது. ஸ்வீடன் 1988 சட்டத்துக்குப் பின் கூண்டை ஒழித்தது. ஸ்விட்சர்லாந்தில் 2007-இலிருந்து ஈனும் கூண்டு இல்லை. அங்கெல்லாம் பன்றி வளர்ப்பு நின்றுபோய்விடவில்லை.

டென்மார்க்கின் அனுபவம் வேறு ஒரு பாடம். அங்கே இனவிருத்தி செய்து செய்து ஒரு ஈற்றுக்குப் பதினேழு, பதினெட்டுக் குட்டிகள் என்று கொண்டுவந்துவிட்டார்கள். காம்பு பதினான்கு பதினைந்துதான். பழைய இனங்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்த பிரசவம் இப்போது ஆறு ஏழு மணி நேரம் நீள்கிறது. ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வெளியான ஆய்வு, கடைசித் தீவனம் தின்று சுமார் மூன்று மணி நேரத்துக்குள் குட்டி போடத் தொடங்கிய பன்றிகள் சீக்கிரம் முடித்தன, நெடுநேரம் பட்டினியாக இருந்தவை இழுத்துக்கொண்டே போயின, செத்துப் பிறந்த குட்டிகளும் அவற்றில் அதிகம் என்று காட்டியது. குட்டி போடும் நாளில் தீவனத்தை அடியோடு நிறுத்தும் பழக்கம் நம் பண்ணைகளிலும் உண்டு. களைத்துப்போன தாய்தான் சிடுசிடுக்கிறது என்பது மனிதருக்குத் தெரியாததா?

நம் கொட்டகையில்

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 90.6 லட்சம் பன்றிகள் இருந்தன. 2012-ஐ விட 12 சதவீதம் குறைவு. இவற்றில் பெரும்பகுதி ஐந்து பத்து தாய்ப்பன்றி வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வெண்பன்றி வளர்ப்புக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி தருகிறது. பெரிய வெள்ளை யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் போன்ற இனங்கள்தான் இங்கே அதிகம். சிறு பண்ணைக்காரருக்கு ஒரு ஈற்றில் நான்கு குட்டி போனால் அந்த ஈற்றின் லாபமே போயிற்று. அவர் ஊசியைத் தேடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அவரிடம் ஒரு பெரிய வசதி இருப்பதைத்தான் அவர் மறந்துவிடுகிறார். நமக்கு வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. டென்மார்க் பண்ணைக்காரருக்கு வடிகால் அடைக்கும் என்ற கவலை. நம் கொட்டகையில் கையால் பெருக்கித்தான் எடுக்கிறோம். குட்டி போடும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கட்டு வைக்கோலோ, பழைய கோணிச் சாக்கோ உள்ளே போட்டால் தாய் மூக்காலும் காலாலும் அதைக் கிழித்து இழுத்துக் கூடு கட்டிக்கொள்ளும். சினை 114 நாள்; நாள் கணக்கு எழுதி வைத்திருந்தால் இது கஷ்டமே இல்லை. ஒரு வாரம் முன்பே ஈனும் அறைக்கு மாற்றுங்கள், கடைசி நேரத்தில் மாற்றாதீர்கள். தினமும் தீவனம் வைக்கும் அதே ஆள் அன்றிரவு பக்கத்தில் இருக்கட்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேண்டாம். சுவரோரம் குட்டி ஒதுங்கப் பாதுகாப்புக் கம்பி, மூலையில் பல்பு வைத்த ஒரு பெட்டி. இவ்வளவும் செய்த கொட்டகையில் ஊசிக்கான தேவை தானாகவே குறையும்.

அப்படியும் ஒரு பன்றி கடித்தால் முதல் வேலை ஊசி இல்லை. குட்டிகளைப் பிறக்கப் பிறக்க எடுத்துத் துடைத்துச் சூட்டுப் பெட்டியில் வையுங்கள். பல தாய்கள் கடைசிக் குட்டியும் நச்சுக்கொடியும் விழுந்ததும் தாமாகவே அடங்கிவிடும். அப்போது ஒவ்வொரு குட்டியாக மடியில் விட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காத தாய்க்குத்தான், மருத்துவரை வைத்து ஊசி. போட்ட பிறகு இருபது நிமிடம் யாரும் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. மருந்து பிடிக்கும் நேரத்தில் சீண்டினால் அடங்குவதற்குப் பதில் வெறி பிடிக்கும். முழுதாகச் சாய்ந்த பிறகு குட்டிகளை மடிக்குக் கொண்டுவந்து வையுங்கள். சின்னக் குட்டிகளை முதலில். தடித்தவை சண்டைபோட்டு இடம் பிடித்துக்கொள்ளும். காம்பைப் பிடிக்க முடியாத குட்டிக்குத் தாயின் மடியிலிருந்தே சீம்பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய் தூங்குவதால் அன்று கறப்பது எளிது. அந்த வசதியை வீணாக்காதீர்கள். மருந்து தெளியும் நேரம் வந்தால் குட்டிகளை மறுபடி பெட்டிக்கு எடுத்து, தாய் எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, நிலையாகப் படுத்த பிறகுதான் திரும்ப விட வேண்டும்.

இதற்கு ஓர் ஆள் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார ஆள் இல்லாத இரவில் போடும் தூக்க ஊசி, குட்டியைத் தாயின் பல்லிலிருந்து காப்பாற்றித் தாயின் எடைக்கும் குளிருக்கும் கொடுப்பதுதான். அடுத்த ஈற்றிலும் அதே பன்றி கடித்தால் அதை இனவிருத்தியில் வைக்காதீர்கள். கழிக்கும்போது இறைச்சிக்கு அனுப்புவதானால், மருந்தின் லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே அனுப்புங்கள். தின்பவர்களும் மனிதர்கள்தான்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். பண்ணை நோட்டில் ஊசி போட்ட நேரத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். கடைசிக் குட்டி முதன்முதலாகச் சீம்பால் குடித்த நேரத்தை அதில் எழுதுங்கள். அந்தக் கட்டம் நிரம்பும் வரை கொட்டகையை விட்டுப் போகாதீர்கள்.